தியோபிலஸ் அப்பாவுவின் பாட்டு இறையியல்: ஒரு திறனாய்வு

இறையியலார் ஒருவரை மதிப்பிட முற்படுகையில் அவர் எழுதிய நூல்களை முன்வைத்துக்கொண்டு அமர்வதே நம் வழக்கம். அருள்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்களைப் பொறுத்தவரை அவ்வழக்கம் போதாது. அவர் நூலும் கட்டுரையும் எழுதியவர்தாம். எனினும் அவருடைய இறையியலின் உயிர்ப்பகுதி பாட்டில் இருக்கிறது. பாட்டில் உள்ள இறையியலை மதிப்பிட வேண்டுமாயின் பொருளை மட்டும் பிரித்தெடுத்து ஆராய்ந்தால் போதாது. மெட்டு, மொழி, கருவி, பாடப்படும் இடம், பாடுவோர் யாவர் என்பவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். அவர் மறைந்து இருபது ஆண்டுகளாகின்றன. நம்மிடையே அவரைப் பாராட்டுவோர் பலர். அவர் பாட்டைப் பாடுவோரும் உண்டு. அதனை அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. அவ்வளவீட்டிற்கான ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

1. வாழ்வும் பணியும்

மதுரை அரசரடியில் 1969-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் அப்பாவு நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். தொடர்பியலும் இசையும் அவர் கற்பித்த துறைகள். தலித் குடும்பத்தில் பிறந்தவர். மேல்நாட்டு இசையிலும் பயிற்சி உடையவர். ஆயினும் தம்மைப் ‘பரட்டை’ என அழைத்துக்கொண்டார். மாணவருக்கு அவர் ‘பரட்டை அண்ணன்’. எண்ணெயும் சீப்பும் காணாத தலைமுடியைக் குறிக்கும் அச்சொல் பிறரை இழிவுபடுத்த வழங்கும் சொல். அதனைத் தாமே எடுத்துச் சூடிக்கொண்டது விளையாட்டன்று. இழிவெனப்பட்டதை எடுத்து அதற்குப் பெருமை சேர்ப்பது என்னும் அவருடைய வழிமுறை முழுவதும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கிறது.

1986-இல் கல்லூரி வெளியிட்ட அவருடைய ஆங்கில நூல், நாட்டார் வழக்காறுகளைச் சமூக மாற்றத்திற்கான ஊடகமாக ஆராய்ந்தது. 1994-இல் ‘கிராமிய இசை வழிபாடு’ வெளிவந்தது. வழிபாட்டு முறைமையின் பகுதிகளை நாட்டுப்புற மெட்டுகளிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்து, பறை முதலிய கருவிகளோடு பாடச்செய்த முயற்சி அது. தலித் இறையியல் உருப்பெற்று வந்த காலம் அக்காலம். அவ்விறையியலைப் பிறர் ஆங்கிலக் கட்டுரைகளில் விவாதித்துக் கொண்டிருக்கையில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் பாடக்கூடிய வடிவில் அதனைத் தந்தவர் அப்பாவு. கிராமத்திற்கும் குடிசைப் பகுதிக்கும் சென்று தங்கிப் பயின்ற மாணவர்களின் வாய்வழியே அப்பாட்டுகள் பரவின. அமெரிக்க இசையியலார் சோயி ஷெரினியன் 2014-இல் அவரைப் பற்றி விரிவான ஆங்கில நூலொன்றை வெளியிட்டதும் இங்குக் குறிப்பிடத்தக்கது.

2. கீர்த்தனை மரபும் அவருடைய மறுப்பும்

தமிழ்ச் சபையின் இசைக்கு இரு ஊற்றுகள் உண்டென்பது நாம் அறிந்ததே. மிஷனரிமாரோடு வந்த ஞானப்பாட்டுகள் ஒன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் கர்நாடக இசையில் இயற்றிய கீர்த்தனைகள் மற்றொன்று. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதன் பின்னர், ‘நம் நாட்டு இசை’ என்றால் கீர்த்தனை என்னும் எண்ணம் சபையில் வேரூன்றியது. கிறிஸ்தவத்தை இம்மண்ணுக்கு உரியதாக்க வேண்டும் என்று பேசியோரெல்லாம் இராகத்தையும் தாளத்தையுமே சுட்டினர்.

அப்பாவு எழுப்பிய வினா இவ்விடத்திலேதான் கூர்மை பெறுகிறது. எவருடைய மண்? எவருடைய இசை? சபையாரில் மிகப் பெரும்பான்மையோர் நாற்று நட்டவரும் களையெடுத்தவரும் மாடு மேய்த்தவரும் அல்லரோ? அவர்களுடைய தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் இசையெனக் கருதப்படாமல், மேட்டுக்குடியாரின் இசை மட்டும் ‘இந்திய இசை’ எனத் திருச்சபைக்குள் நுழைந்தது எவ்வாறு? இவ்வினாவுக்குச் சபை இன்றுவரை நேர்மையான விடை கூறவில்லை.

வினாவின் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1820-களில் தஞ்சைச் சபையில் இளைய மிஷனரிமார் வழிபாட்டிலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமையை அகற்ற முனைந்தபோது, வேளாளக் கிறிஸ்தவரின் வழக்கத்தைக் காத்து வாதாடி எழுதியவர் சாஸ்திரியாரே. நம் பக்திக்கு மொழி தந்த அதே எழுதுகோல் பந்தி வேற்றுமைக்கும் வாதம் தந்தது. இதனை அவரைத் தாழ்த்துவதற்காகக் கூறவில்லை. இசைமரபு ஒன்று தன்னோடு ஒரு சமூக ஒழுங்கையும் சுமந்து வரக்கூடும் என்னும் அப்பாவுவின் எச்சரிக்கை வெறும் கற்பனையன்று என்பதற்காகவே கூறுகிறேன்.

3. ஓர் ஒப்புநோக்கு

ஆனால் இசையின் பிறப்பிடமே அதன் தகுதியை முடிவு செய்கிறதா? இவ்வினாவில் நமக்கு உதவக்கூடியது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை. ஜேம்ஸ் கோன் 1972-இல் எழுதிய நூலின் வாயிலாக இறையியல் மாணவர் பலர் அதனைப் பெயரளவிலேனும் அறிவர். அடிமைகளின் பக்திப்பாட்டுக்கு எவ்வளவு இறையியல் மதிப்பு உண்டோ, ஆலயத்துக்கு வெளியே பிறந்த ப்ளூஸுக்கும் அவ்வளவு உண்டென அவர் வாதிட்டார். பசியும் பிரிவும் அவமானமும் மறைக்கப்படாமல் பாடப்படும் இடத்தில் மனிதன் தன் மாண்பை இழக்காமல் காத்துக்கொள்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அவ்விசையில் மௌத் ஆர்கனின் இடம் சிந்திக்கத்தக்கது. அது ஆப்பிரிக்கக் கருவியன்று. ஜெர்மனியின் திரோசிங்கன் ஊரில் 1857-இல் ஹோனர் என்பவர் தொடங்கிய பட்டறை முதலியவற்றிலிருந்து மலிவுப் பொருளாக உலகெங்கும் சென்றது. ஐரோப்பிய நடன மெட்டுகளை ஊதுவதற்கென்றே அதன் சுரங்கள் அமைக்கப்பட்டன. கறுப்பின இசைஞர் அதனைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டனர். அதன் விதிக்கோ அவர்கள் அடங்கவில்லை. கருவி எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டதோ அதனை விட்டு வேறொன்றை ஆதாரமாக்கினர். ஊதுவதினும் மூச்சை உள்ளிழுப்பதில் இசையை மிகுதியாகப் பிறப்பித்தனர். நாவையும் தொண்டையையும் கொண்டு சுரத்தை வளைத்து, கருவியில் இல்லாத ஒலிகளை அதிலிருந்து வரவழைத்தனர். அந்நியக் கருவி அவர்களுடைய அழுகையைப் பேசியது.

அவர்களுள் ஒருவர் டிஃபோர்ட் பெய்லி. 1899-இல் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கிப் படுக்கையிலிருந்த நாட்களில், இரயிலின் ஓசையையும் நாய்களின் குரைப்பையும் மௌத் ஆர்கனில் பயின்றார். 1927 டிசம்பரில் நாஷ்வில் வானொலியில் அவர் விரைவு இரயிலின் ஓட்டத்தை வாசித்துக் காட்டியதையொட்டியே அறிவிப்பாளர் அந்நிகழ்ச்சிக்குக் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ எனப் பெயரிட்டார். அப்பெயர் இன்றளவும் நிலைத்துள்ளது. அவரோ அந்நிகழ்ச்சியாரோடு ஊர்தோறும் சென்றபோது, உடன் வந்த வெள்ளையர் தங்கிய விடுதிகளில் தங்க இயலாதவராயிருந்தார். 1941-இல் வானொலி நிலையங்களுக்கும் பாட்டுரிமை அமைப்புக்கும் எழுந்த பூசலில் அவருடைய பழைய மெட்டுகளை வாசிக்க முடியாமற்போன சூழலில், பணியிலிருந்தே நீக்கப்பட்டார். அதன்பின் காலணிகளுக்கு மெருகேற்றும் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் மறைந்தார். நாட்டுப்புற இசைக்கான புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டதோ 2005-இல்.

இவ்வரலாறு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. முதலாவது, கருவியும் மெட்டும் எங்கிருந்து வந்தன என்பதைவிட அவற்றை வளைக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே முதன்மையான வினா. இரண்டாவது, ஒருவருடைய இசையை விரும்பி ஏற்றுக்கொண்டு, அவரைப் பந்தியில் ஏற்காதிருப்பது எந்த நிறுவனத்திற்கும் எளிது. அப்பாவுவின் பாட்டை மதிப்பிடுவதற்கு இவ்விரண்டும் வேண்டும்.

முதற்பாடம் அப்பாவுவின் நிலைப்பாட்டைச் சற்றுத் திருத்துகிறது. மேட்டுக்குடி இசை என்பதால் கீர்த்தனை ஒடுக்குவோரின் கருவியாகவே இருக்கும் என்று அவருடைய வாதத்தைப் பின்பற்றுவோர் முடிவு செய்துவிடுகின்றனர். கிராமச் சபைகளில் கீர்த்தனை பாடப்படும் முறையைச் செவிகொடுத்துக் கேட்டவர் அவ்வாறு கூறத் தயங்குவர். கமகம் அங்கே உதிர்ந்துவிடுகிறது; தாளம் கைத்தட்டலின் விரைவுக்கு மாறுகிறது; வடசொற்கள் நாவுக்கேற்ப உருமாறுகின்றன; ஒப்பாரியின் இழுப்பு உள்ளே நுழைகிறது. நூறாண்டுகளாகச் சபையார் கீர்த்தனையை வளைத்துத் தமதாக்கி வந்துள்ளனர். அதுவும் விடுதலைச் செயலே.

4. சொல்லின் துணிவு

மெட்டை விட்டுச் சொல்லுக்கு வருவோம். கர்த்தர் கற்பித்த செபத்தில் அப்பாவு இறைவனைப் ‘பெத்தவரே’ என விளிக்கிறார். ‘பிதாவே’ என்னும் வழக்கைக் கேட்டுப் பழகிய செவிக்கு இது முதலில் அதிர்ச்சி தரும். ஆனால் எண்ணிப் பார்க்குந்தோறும் அச்சொல்லின் பொருத்தம் விளங்குகிறது. தாயையும் தந்தையையும் ஒருசேரக் குறிக்கும் சொல் அது, மரியாதைப் பன்மையும் அதனுள் இருக்கிறது, நெருக்கமும் இருக்கிறது. இறைமொழியில் ஆண்மைச் சார்பு பற்றிப் பிற நாடுகளில் நீண்ட விவாதங்கள் நடந்து, செயற்கையான சொற்கள் புனையப்பட்டன. நம் கிராமத்துத் தாய் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல் அவ்விவாதத்திற்கு அமைதியாக விடை தந்துவிடுகிறது. அப்பாவுவின் கவித்துவம் இத்தகைய கண்டெடுப்புகளில்தான் உள்ளது.

ஆயினும் ஒரு வினா எழாமல் இராது. குடும்பம் என்னும் உருவகம் நம் சமூகத்தில் குற்றமற்றதா? சாதியைக் காத்துநிற்பது குடும்பமன்றோ? பெற்றோரின் பெயராலேயே மணவுறவுகள் மறுக்கப்படுகின்றன, உயிர்களும் பறிக்கப்படுகின்றன. இறைவனைப் பெற்றவர் என்பதனால் மட்டும் இத்தளை அறுபடாது.

இதற்கான விடை அப்பாவுவிடமே இருக்கிறது. அது அவர் வற்புறுத்திய ‘ஒரே உலை’ என்னும் கருத்து. வீட்டுக்கு வீடு அரிசி கொணர்ந்து ஒரே உலையில் இட்டு, அனைவரும் உண்பதையே அவர் சபையின் வடிவமாகக் கண்டார். இங்கே குடும்பத்தின் இலக்கணம் மாறிவிடுகிறது. ஒரே இரத்தத்தோர் குடும்பத்தார் என்பது போய், ஒரே உலையில் உண்போர் குடும்பத்தார் என்றாகிறது. சாதி என்பது யார் யாருடன் உண்ணலாம், யார் சமைத்ததை யார் உண்ணலாம் என்னும் ஒழுங்கு. இரட்டைக் குவளையைக் கண்ட நாட்டில் இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே ‘பெத்தவரே’ என்னும் விளியை ‘ஒரே உலை’யிலிருந்து பிரித்துப் பாடுவது அதன் பற்களைப் பிடுங்குவதாகும். அந்தியோகியாவில் பேதுரு பந்தியிலிருந்து விலகியதைப் பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தது (கலாத்தியர் 2) எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது இவ்விணைப்பு. கொரிந்து சபையில் ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் நிறைய உண்டதைக் குறித்த அதிகாரமும் (1 கொரிந்தியர் 11) அப்பாவுவின் பாட்டோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

5. மூன்று தடைகள்

அப்பாவுவின் முயற்சிக்கு எதிராகக் கூறப்படுபவற்றுள் ‘ஆலயத்தின் புனிதம் கெடும்’ என்பது போன்றவற்றை நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய தடைகள் வேறு.

முதலாவது தடை தலித் சபையாரிடமிருந்தே வருவது. பறை பண்டைத் தமிழில் எல்லா நிலத்துக்கும் உரிய கருவி. ‘பறைதல்’ என்றால் சொல்லுதல். ஆயினும் பிற்காலத்தில் அது சாவு வீட்டுக்கும் ஊர் ஊழியத்துக்கும் கட்டாயமாக அடிக்கப்படும் கருவியாக, இழிவின் சின்னமாக ஆக்கப்பட்டது. நற்செய்தியை ஏற்ற நாளிலேயே பறையைக் கீழே வைத்த குடும்பங்கள் பல. அவர்களுக்குப் பறையை விட்டதே மீட்பின் அடையாளம். கல்லூரியிலிருந்து வரும் இளம் ஆயர் அதனைப் பீடத்தருகே கொணர்கையில் மூப்பர்களின் முகம் வாடுவதில் வியப்பில்லை. ‘எங்கள் பாட்டன் எறிந்ததை எங்கள் பேரன் கையில் கொடுக்கிறீர்களா?’ என்பதே அம்முகத்தின் வினா. அதனை அறியாமை என்று தள்ளிவிடுவது பெரும் பிழையாகும்.

அப்பாவு தரப்பின் மறுமொழியும் வலிமையுடையதே. கட்டளைக்குப் பணிந்து அடிப்பது வேறு. தன் விருப்பால் தன் இறைவனுக்கு முன் அடிப்பது வேறு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் இளம்பெண்கள், பெண்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பறையை ஏந்தி ஆடுகையில் அதில் இழிவின் நிழல்கூட இல்லை. ஆயினும் முடிவு சபையாருடையதாக இருக்க வேண்டும். பறை வேண்டுமென்று மேலிருந்து கட்டளையிடுவதும் பழைய ஊர்க் கட்டளையின் மறுவடிவமே. விட்டவர்களின் விடுதலையும் எடுத்தவர்களின் விடுதலையும் ஒரே சபையில் மதிக்கப்பட வேண்டும்.

இரண்டாவது தடை, காலத்தின் மாற்றம். சமயநல்லூரைச் சுற்றியுள்ள இவ்வைகைச் சமவெளியில் நடவுப்பாட்டு அறிந்த பெண்கள் முதியோராகிவிட்டனர். நடவு இயந்திரம் வயலுக்கு வந்துவிட்டது. அவர்களுடைய பேத்திமாரின் செவியில் இருப்பது திரையிசையும், கீபோர்டின் ஓட்டத்தோடு வரும் எழுப்புதல் பாட்டுகளுமே. இந்நிலையில் ‘மக்கள் இசை’ எனப் பழைய மெட்டுகளையே சுட்டினால் நாமும் ஓர் அருங்காட்சியகத்தைத்தான் அமைப்போம். கருவியின் பிறப்பிடம் முடிவு செய்வதில்லை என்னும் மேற்கூறிய அளவுகோல் இங்கும் பொருந்தும். கீபோர்டும் மௌத் ஆர்கனைப்போல் அந்நியக் கருவியே. அதனை வளைக்க நம் இளைஞருக்கு உரிமையும் துணிவும் உண்டா, அல்லது ஒலிநாடாவிலும் கைப்பேசியிலும் கேட்டதைப் பிசகாமல் திருப்பித் தரும் கூலியாட்களாகவே அவர்கள் இருக்கின்றனரா என்பதே கேள்வி. பாட்டின் பொருளும் அவ்வாறே ஆராயப்பட வேண்டும். தனிமனிதனின் செழிப்பை மட்டும் கேட்கும் பாட்டு, எவ்வளவு கிராமிய மெட்டில் இருந்தாலும், ஒரே உலைக்கு அரிசி கொணராது.

மூன்றாவது தடையே மிக ஆழமானது. அது நம்மிடமே உள்ளது. அப்பாவுவின் பாட்டுகள் மறுக்கப்படவில்லை. ஏற்கப்பட்டு, ஓர் ஓரத்தில் அமர்த்தப்பட்டுள்ளன. தலித் விடுதலை ஞாயிறு, அறுவடைப் பண்டிகை, வாலிபர் கூட்டம், வெளிநாட்டு விருந்தினர் வருகை ஆகிய வேளைகளில் அவை ‘சிறப்புப் பாடல்’ ஆகின்றன. மறுவாரம் வழக்கமான முறைமை திரும்பிவிடுகிறது. பாடியவர்கள் கீழே இறங்கி இருந்த இடத்திற்கே செல்கின்றனர். சபையின் நிலத்தைப் பற்றியோ பள்ளியின் வேலைவாய்ப்பைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ முடிவெடுக்கும் மேசையில் அவர்கள் இல்லை. பெய்லியின் இரயிலோசையை விரும்பியவர்கள் அவர் எங்கே உறங்கினார் என்று கேட்கவில்லை என்பதை நாம் எளிதில் கண்டிக்கிறோம். நம் மேடையில் பறையடித்த தம்பி அன்று எங்கே, யாருடன் உண்டான் என்று கேட்டோமா?

இதனோடு தொடர்புடைய மற்றொன்று: பாடுவோர் மாற்றிப் பாடும் பாட்டே மக்கள் பாட்டு. நாமோ அப்பாவுவின் பாட்டை அச்சிட்டு, பாடநூலாக்கி, ஒரு சொல் மாறினாலும் பிழை என்கிறோம். மதுரைப் பேச்சும் ஆற்காட்டுப் பேச்சும் நெல்லைப் பேச்சும் ஒன்றல்ல. அவ்வவ்வூர்ப் பெண்கள் தம் வழக்கில் மாற்றிப் பாடி, தம் துயரத்தை ஓரடியாகச் சேர்க்கும் நாளில்தான் அவருடைய எண்ணம் நிறைவேறும்.

6. முடிவுரை

தொகுத்துக் கூறின், அப்பாவுவின் சிறப்பு நாட்டுப்புற மெட்டைப் பயன்படுத்தியதில் அன்று. அதனைப் பிறரும் செய்துள்ளனர். பாட்டையும் பந்தியையும் பிரிக்கவியலாதவாறு பிணைத்ததே அவருடைய தனிச்சிறப்பு. கீர்த்தனையைச் சபையார் தமதாக்கிய வரலாற்றுக்கு அவரைப் பின்பற்றுவோர் உரிய இடம் தரவில்லை என்பது குறை. மக்கள் இசை காலந்தோறும் மாறும் என்பதைத் தொடர்ந்து சிந்திப்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற பணி.

ஆயர்களும் இறையியல் மாணவர்களும் தம் சபையில் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைக் கேட்பது நலம். புத்தகமின்றி இதனைப் பாட முடியுமா? சபையார் இதனை மாற்றிப் பாட நாம் இடந்தருவோமா? பாடி முடித்தபின் நம் பந்தியில் ஏதேனும் மாறுமா? முதலிரண்டுக்கும் விடை காண்பது எளிது. மெட்டும் பயிற்சியும் உதவும். மூன்றாவதற்கு இசையறிவு உதவாது. வரும் திருவிருந்து ஞாயிறன்று, ஆராதனை முடிந்தபின், சேரியின் அரிசியும் ஊரின் அரிசியும் ஆலய வளாகத்தில் ஒரே உலையில் வேகுமாறு செய்யத் துணியும் ஆயரே அப்பாவுவின் பாட்டைச் சரியாகப் பாடியவராவார். ஆமோஸ் தீர்க்கர் தம் காலத்துப் பாட்டுகளின் இரைச்சலைக் கண்டித்தது எதனால் என்பதும் அன்று நமக்கு விளங்கும்.